மின்காரின் வேகமும் மலை வளைவும்: கல்வராயன் மலையடியிலிருந்து ஒரு வரலாறு

மின்சாரக் காரைப் பற்றிப் பேச்செடுத்தாலே பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான் வரும். ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை வினாடி? மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. அதை ஷோரூமில் யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. வளைவில் இந்த வண்டி எப்படித் திரும்பும்?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணைப் பக்கமாகக் கல்வராயன் மலைக்கு ஏறுகிறவர்களுக்கு இந்த மூன்றாவது கேள்விதான் முதல் கேள்வி. சமவெளியில் நேர்கோடாக ஓடும் சாலை, மலையடி வந்ததும் ஏற்றமும் வளைவுமாக மாறிவிடும். அங்கே வினாடிக் கணக்கு உதவாது. திருப்பிய பக்கம் வண்டி திரும்ப வேண்டும், மிதித்த இடத்தில் நிற்க வேண்டும், குழியில் இறங்கினாலும் தடம் மாறாமல் போக வேண்டும். இதைத்தான் கார்க்காரர்கள் 'ஹேண்ட்லிங்' என்கிறார்கள்.

மின்காருக்கு வேகம் வந்த வரலாறு வேறு, ஹேண்ட்லிங் வந்த வரலாறு வேறு. முதலாவது மிகப் பழையது. இரண்டாவது மெதுவாக, பல தோல்விகளுக்குப் பிறகு வந்தது. அதில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

மலைக்குச் சாலை வந்த கதை

காரைப் பற்றிப் பேசும் முன் சாலையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை, கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கும் சேலம் மாவட்டத்துக்கும் நடுவே பரந்து கிடக்கிறது. பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் முதல் மூவாயிரம் அடி உயரம். மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் இங்கே சாமை, தினை, மரவள்ளி பயிரிட்டும் கடுக்காய் சேகரித்தும் வாழ்ந்து வருகிறார்கள்.

இந்த மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் பெற்றபோதுகூட இந்த நிலை மாறவில்லை. 1976-இல்தான் ஜாகீர்கள் ஒழிக்கப்பட்டு மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. அதாவது, சென்னையை அடுத்த சோழவரத்தில் கார்ப் பந்தயம் களைகட்டி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகுதான் இந்த மலைக்காரர்கள் ஒரு சாலைக்காக அரசு அலுவலகத்தில் மனு கொடுக்கவே முடிந்தது!

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2019 நவம்பர் 26 அன்று. அதற்குப் பிறகும் சாலைப் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்துத் தாமாக முன்வந்து எடுத்த வழக்கில், சாலை வசதியும் முக்கியமான பொருளாக இருந்தது. இந்தப் பின்னணியை மனதில் வைத்துக்கொண்டு மின்காரின் கதைக்குள் போகலாம்.

முதலில் வந்தது வேகம்

மின்கார் ஏதோ நேற்று வந்த பொருள் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. உண்மை அதுவல்ல. மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தை முதன்முதலில் தாண்டிய சாலை வாகனமே மின்சாரத்தில் ஓடியதுதான். 1899 ஏப்ரல் 29 அன்று பாரிஸ் அருகே ஆஷேர் என்ற இடத்தில், பெல்ஜியத்தைச் சேர்ந்த கமீய் ஜெனட்சி என்பவர் 'லா ஜமே கோந்தாந்த்' என்ற வண்டியில் மணிக்கு 105.88 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். 'ஒருபோதும் திருப்தி அடையாதவள்' என்று அந்தப் பெயருக்குப் பொருள்.

அந்த வண்டியின் படத்தைப் பார்த்தால் ஒன்று சட்டென்று புரியும். உடல் குண்டு வடிவில் கூராக இருக்கிறது. ஆனால் ஓட்டுபவரோ அதன் மேல் பாதி உடம்பு வெளியே தெரிய, குதிரை மேல் அமர்ந்தவர்போல உயரமாக உட்கார்ந்திருக்கிறார். நேர்கோட்டில் பறப்பதற்கு அது போதும். ஒரு கொண்டை ஊசி வளைவில் அதைத் திருப்ப யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அடுத்த சில ஆண்டுகளில் மின்கார் அமெரிக்க நகரங்களில் நன்றாகவே ஓடியது. பிறகு பெட்ரோல் மலிந்தது. 1912-இல் கடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்ததால், கையால் சுழற்றிக் காரைக் கிளப்பும் தொல்லையும் போயிற்று. மின்கார் மெல்ல ஓரங்கட்டப்பட்டது. பேட்டரியின் எடையும் குறைந்த தூரமும் அதற்கு எதிரிகளாயின.

இந்தியாவின் முதல் முயற்சிகள்

இந்தியாவில் மின்கார் என்றதும் பலருக்கும் ரேவா நினைவுக்கு வரும். அதற்கு முன்பே 'லவ்பேர்ட்' என்று ஒரு கார் வந்தது. கேரளத்தின் சாலக்குடியைச் சேர்ந்த எடி நிறுவனம், ஜப்பானின் யஸ்காவா எலெக்ட்ரிக் நிறுவனத்தோடு சேர்ந்து தயாரித்த இந்தச் சிறிய கார் 1993-இல் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் காட்டப்பட்டது. ஈய அமில பேட்டரியில் ஓடியது. செங்குத்தான ஏற்றம் அதற்கு ஒத்துவராது. வந்த வேகத்தில் சந்தையை விட்டுப் போயிற்று.

அடுத்து வந்தது ரேவா. இதன் பின்னால் இருந்தவர் பெங்களூரைச் சேர்ந்த சேத்தன் மைனி. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, 1990-இல் சூரிய ஒளிக் கார்ப் பந்தயத்தில் வென்ற மாணவர் குழுவில் இருந்தவர். 1994-இல் ரேவா நிறுவனம் தொடங்கியது. 2001-இல் கார் விற்பனைக்கு வந்தது. இரண்டரை மீட்டரைச் சற்றே தாண்டும் நீளம், எஃகுக் குழாய்ச் சட்டம், அதன் மேல் பிளாஸ்டிக் உடல், முன் இருக்கைகளுக்குக் கீழே எட்டு ஈய அமில பேட்டரிகள். ஒரு சார்ஜுக்கு சுமார் 80 கிலோமீட்டர்.

பேட்டரியை இருக்கைக்கு அடியில் வைத்தது நல்ல யோசனைதான். எடை தாழ்வாகவும் இரண்டு அச்சுகளுக்கும் நடுவிலும் இருந்தது. ஆனால் காரின் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பேட்டரியே எடுத்துக்கொண்டால், மற்ற பாகங்களைச் செய்ய என்ன மிச்சம் இருக்கும்? சின்ன டயர், எளிய சஸ்பென்ஷன், குறைந்த சக்தி. நகரத்து நெரிசலில் ஊர்ந்து போக அது போதுமானதாக இருந்தது.

லண்டனில் நெரிசல் கட்டணம் வந்த பிறகு, 'ஜி-விஸ்' என்ற பெயரில் இதே கார் 2004 முதல் அங்கே விற்றது. ஐரோப்பிய விதிப்படி அது கார் அல்ல, 'குவாட்ரிசைக்கிள்' என்ற வகை. அதனால் கார்களுக்கு உரிய மோதல் சோதனை கட்டாயமாக இருக்கவில்லை. 2007-இல் நடத்தப்பட்ட மோதல் சோதனைகளின் முடிவுகள் பெரும் விவாதத்தைக் கிளப்பின. பின்பு வந்த வகைகளில் சட்டம் வலுப்படுத்தப்பட்டது. முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. 2010-இல் ரேவாவை மகிந்திரா வாங்கியது. 2013-இல் லித்தியம் பேட்டரியோடு 'இ2ஓ' வந்தது.

ரேவாவைக் கேலி செய்வது எளிது. ஆனால் இந்தியச் சாலையில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட மின்கார்களை உருவாக்கி, வெளிநாட்டுக்கும் அனுப்பி, எங்கெங்கே தவறு நேரும் என்று கற்றுக்கொடுத்தது அதுதான்.

எடை தரைக்கு இறங்கியது

உலக அளவில் பெரிய மாற்றம் 2008-க்கும் 2012-க்கும் நடுவில் நடந்தது. 2008-இல் வந்த டெஸ்லா ரோட்ஸ்டர், இங்கிலாந்தின் லோட்டஸ் எலீஸ் காரைத் தழுவியது. எடை குறைந்த, வளைவில் அபாரமாகத் திரும்பும் கார் என்று பெயர் எடுத்தது எலீஸ். அதன் இருக்கைகளுக்குப் பின்னால் சுமார் 450 கிலோ பேட்டரியை ஏற்றியதும் வேகம் கூடியது. ஆனால் எலீஸின் அந்த இலகுத்தன்மை குறைந்தது.

2012-இல் வந்த மாடல் எஸ் காரில் பேட்டரி வேறு விதமாக வைக்கப்பட்டது. பலகைபோலத் தட்டையாக்கி, தரைத் தளம் முழுவதும் பரப்பினார்கள். இதனால் காரின் ஈர்ப்பு மையம் மிகவும் கீழே இறங்கியது. தண்ணீர்க் குடத்தைத் தலையில் சுமந்து ஓடுவதற்கும் இடுப்பில் வைத்து ஓடுவதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. எடை அதேதான். சாயும் அளவு குறைகிறது.

இங்கே ஒரு குழப்பம் வருவது இயல்பு. ஈர்ப்பு மையம் தாழ்ந்துவிட்டால் வளைவுப் பிரச்சினை முடிந்ததா? முடியவில்லை. கார் கவிழும் அபாயம் குறைந்தது உண்மை. ஆனால் அத்தனை எடையையும் வளைவில் பிடித்து நிறுத்துவது உள்ளங்கை அளவே தரையில் படும் நான்கு டயர்கள்தான். ஒரு டயர் மேல் சுமை இரண்டு மடங்கானால் அதன் பிடி இரண்டு மடங்காவதில்லை, அதற்குக் குறைவாகவே கூடுகிறது. கனமான கார் தன் டயரை அதிகம் நம்புகிறது. டயரோ அந்த அளவுக்குக் கைகொடுப்பதில்லை.

பந்தயக்களத்தில் கற்ற பாடம்

தமிழ்நாட்டுக்கும் ஹேண்ட்லிங்குக்கும் பழைய உறவு. சோழவரத்தில் தொடங்கி, 1990-இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தடம் வரை அது நீள்கிறது. மாருதி 800 எஞ்சினை வைத்துப் பந்தயக் கார் கட்டியவர் கோவையின் கரிவரதன். அவர் பெயரால்தான் கோவை செட்டிபாளையத்தில் உள்ள தடம் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அழைக்கப்படுகிறது.

2014-இல் பெய்ஜிங்கில் ஃபார்முலா இ என்ற மின்கார்ப் பந்தயம் தொடங்கியபோது, அதில் இருந்த ஒரே இந்திய அணி மகிந்திரா. அதன் முதல் ஆண்டு ஓட்டுநர்களில் ஒருவர் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக். அப்போது ஒரு வேடிக்கை இருந்தது. பந்தயம் முடியும் வரை பேட்டரி தாங்காது. பாதியில் ஓட்டுநர் காரை நிறுத்தி, இறங்கி ஓடி, சார்ஜ் நிரம்பிய இன்னொரு காரில் ஏறிக்கொள்வார்! 2018 டிசம்பரில் இரண்டாம் தலைமுறைக் கார்கள் வந்த பிறகுதான் ஒரே காரில் முழுப் பந்தயமும் ஓட முடிந்தது. இதற்கிடையே 2017-இல் பெர்லினில் மகிந்திரா தன் முதல் வெற்றியைப் பெற்றது.

2023 பிப்ரவரி 11 அன்று ஹைதராபாத்தில், உசேன் சாகர் ஏரிக்கரையில் இந்தப் பந்தயம் முதன்முறையாக இந்தியாவுக்கு வந்தது. அங்கே ஓடிய மூன்றாம் தலைமுறைக் கார்களில், வேகம் குறைக்கும் வேலையில் பெரும்பங்கை மோட்டாரே செய்தது. பிரேக் போடும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வீணாகும் ஆற்றலை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். பின் சக்கரங்களுக்கு வழக்கமான நீரியல் பிரேக்கே இல்லாமல் அந்தக் கார் வடிவமைக்கப்பட்டது. எங்கே வேகம் கூட்டுவது என்பதைவிட எங்கே, எவ்வளவு குறைப்பது என்பதே அந்தப் பந்தயத்தின் சூட்சுமம்.

மலைச்சாலைக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் அமெரிக்காவின் பைக்ஸ் பீக். 156 வளைவுகளோடு 4300 மீட்டர் உயரத்துக்கு ஏறும் சுமார் 20 கிலோமீட்டர் பாதை. 2018 ஜூன் மாதம் ஃபோக்ஸ்வாகனின் ஐடி.ஆர் என்ற மின்கார், ரொமைன் டூமா ஓட்ட, 7 நிமிடம் 57 வினாடியில் உச்சியைத் தொட்டு எல்லாவகைக் கார்களின் சாதனையையும் முறியடித்தது. மேலே போகப் போகக் காற்று மெலிந்து பெட்ரோல் எஞ்சின் மூச்சுத் திணறும். மோட்டாருக்குக் காற்று தேவையில்லை. ஆனால் அது மட்டும் காரணமல்ல. அந்தக் காரின் எடையை 1100 கிலோவுக்குள் அடக்கியிருந்தார்கள்.

மாணவர்களும் சும்மா இருக்கவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் ரஃப்தார் குழு 2022-இல் தன் முதல் மின்சார ஃபார்முலா காரான ஆர்.எஃப்.23-ஐ வெளியிட்டது. கோவையில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டியில் 'ஸ்கிட்பேட்' என்று ஒரு சோதனை உண்டு. எட்டு வடிவத்தில் இரண்டு வட்டங்களைச் சுற்றி வர வேண்டும். உட்பக்க வட்டத்தின் விட்டம் 15.25 மீட்டர். நேர்வேகத்துக்கு அங்கே வேலையே இல்லை. டயரும் சஸ்பென்ஷனும் எப்படி இருக்கின்றன என்பது சில வினாடிகளில் தெரிந்துவிடும்.

சென்னைப் பக்கத்திலிருந்து வந்த கார்

பந்தயத்தில் கற்றது வீட்டுக் காருக்கு வர எவ்வளவு காலம் ஆயிற்று? 2020 ஜனவரியில் வந்த டாடா நெக்ஸான் இ.வி.யின் சக்தி 95 கிலோவாட். நூறைத் தொட சுமார் பத்து வினாடி. 2024 நவம்பர் 26 அன்று சென்னையில் மகிந்திரா வெளியிட்ட பி.இ.6 காரின் பெரிய பேட்டரி வகைக்கு 210 கிலோவாட், 6.7 வினாடி. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் ஐந்தாவது பிறந்தநாளும் அதே தேதி என்பது தற்செயல்! 2025-இல் வந்த டாடா ஹாரியர் இ.வி.யின் இரட்டை மோட்டார் வகை இதைவிடவும் விரைவு.

ஐந்தே ஆண்டுகளில் சக்தி இரண்டு மடங்குக்கு மேல். கூடவே மற்றவையும் மாறின. பி.இ.6 பின்சக்கர மோட்டார் கொண்டது. முன்சக்கரங்கள் திரும்பும் வேலையை மட்டும் பார்க்கும். பின்பக்கம் ஐந்து இணைப்புகள் கொண்ட தனித்தனி சஸ்பென்ஷன். உயர் வகைகளில், சாலைக்கு ஏற்ப விறைப்பை மாற்றிக்கொள்ளும் ஷாக் அப்சார்பர். பேட்டரி தளத்தின் அடியில். செங்கல்பட்டு மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் உள்ள ஆராய்ச்சி மையமும், திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறில் 2021-இல் திறந்த சோதனைத் தடமும் இந்த நிறுவனத்துக்குத் தமிழ்நாட்டில் இருக்கின்றன. கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்து மாவட்டம்தான் திருவண்ணாமலை.

மலையில் கணக்கு வேறு

சிறிய மின்காரிலிருந்து இப்படிப்பட்ட வேகமான காருக்கு மாறுபவருக்கு இந்த வரலாறு என்ன சொல்கிறது?

ஒரு எளிய கணக்கு. 15 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவை மணிக்கு 20 கிலோமீட்டரில் திரும்பினால், காரின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் பக்கவாட்டுப் பிடி போதும். அதே வளைவில் 40 கிலோமீட்டரில் போனால் தேவை நான்கு மடங்காகிறது. அது உலர்ந்த சாலையில் நல்ல டயரின் எல்லைக்கே வந்துவிடும். மழை ஈரத்தில் அதுவும் கிடையாது. காரின் சக்தி 30 கிலோவாட்டா 210 கிலோவாட்டா என்று வளைவு பார்ப்பதில்லை. வேகமான கார் அந்த 40-ஐ எளிதாகத் தொடவைக்கிறது, அவ்வளவுதான்.

இறக்கத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 1800 கிலோ எடையுள்ள கார் 500 மீட்டர் கீழே இறங்கும்போது விடுபடும் ஆற்றல் சுமார் 2.4 யூனிட் மின்சாரம். பெட்ரோல் காரில் இது எஞ்சினையும் பிரேக்கையும் சூடாக்கி வீணாகும். மின்காரில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்பும். ஆனால் பேட்டரி ஏற்கெனவே முழுவதும் நிரம்பியிருந்தால் அந்த ஆற்றல் போக இடமில்லை. மோட்டார் பிடித்து நிறுத்துவது குறைந்துவிடும். எனவே மலைமேல் இரவு தங்கி, காலையில் நூறு சதவீதம் சார்ஜோடு இறங்குவது நல்லதல்ல. கொஞ்சம் இடம் விட்டு இறங்குவதே பாதுகாப்பு.

ஹேண்ட்லிங்கைக் கூட்ட வேண்டும் என்றதும் சிலர் ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது, அகலமான சக்கரம் மாட்டுவது என்று இறங்குவார்கள். தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அனுமதிப்பதில்லை. உச்ச நீதிமன்றமும் 2019-இல் இதை உறுதி செய்தது. தவிர, தாழ்த்திய மின்காரில் குழிக்கும் கல்லுக்கும் முதலில் அகப்படுவது தளத்தில் உள்ள பேட்டரிதான்.

சட்டத்துக்குள் செய்யக்கூடியவை சாதாரணமானவை. நிறுவனம் சொன்ன அளவிலும், காரின் எடையைத் தாங்கும் சுமைக் குறியீட்டிலும் தரமான டயர். சரியான காற்று அழுத்தம். ஒழுங்கான வீல் அலைன்மென்ட். தேய்ந்த ஷாக் அப்சார்பரை உடனே மாற்றுவது. பிரேக் திரவத்தைக் காலத்தில் மாற்றுவது. மின்காரில் மோட்டாரே பாதி பிரேக்கைப் பார்த்துக்கொள்வதால், டிஸ்க் பிரேக் பயன்படாமல் துருப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. அதையும் சோதிக்க வேண்டும். மோட்டாரின் உடனடி இழுவை காரணமாக டயர் வேகமாகத் தேயும் என்பதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சாலை யாருடையது?

1899-இல் ஜெனட்சி ஓட்டிய பாதையில் அவர் வண்டி மட்டுமே இருந்தது. ஹைதராபாத்தில் தடத்தைச் சுற்றித் தடுப்புச் சுவர் இருந்தது. கச்சிராயபாளையம் சாலையில் இரண்டும் கிடையாது. அரவைப் பருவத்தில் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக வரும். மலைமேல் மரவள்ளி மூட்டையோடு வேன் எதிரே வரும். பள்ளிப் பிள்ளைகள் சாலை ஓரமாக நடப்பார்கள். மெதுவான வேகத்தில் மின்கார் பெரிதாகச் சத்தம் போடாது. அது வருவது அவர்கள் காதில் விழாமல் போகலாம்.

நூற்றிருபத்தைந்து ஆண்டு வரலாற்றில் மின்காருக்கு வேகம் முதல் நாளே கிடைத்துவிட்டது. அதை அடக்கித் திருப்பும் திறமைக்கு ரேவாவின் குறைகளும், பாதியில் கார் மாறிய பந்தயங்களும், செய்யாறு போன்ற சோதனைத் தடங்களும் தேவைப்பட்டன. பொறியாளர்கள் தங்கள் பங்கைப் பெருமளவு செய்துவிட்டார்கள். 1976 வரை நிர்வாகமே எட்டாத ஒரு மலையில், மக்கள் போராடிப் பெற்ற சாலையில் அந்தக் காரை ஓட்டுகிறவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நல்ல டயரும், இறக்கத்துக்கு முன் பேட்டரியில் கொஞ்சம் இடமும், கொண்டை ஊசி வளைவில் இருபது கிலோமீட்டர் வேகமும் அந்தப் பங்கின் தொடக்கம்.